624 குரல்கள், மூன்றே தொண்டைகள்!

சத்தம் போடாமல் வாருங்கள், ஒரு கதவைத் திறந்து காட்டுகிறேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டி ஸ்டாக்போர்ட் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் தொப்பி தயாரிப்புக்குப் பேர்போன ஊர். அங்கே வாட்டர்லூ சாலையில் அலங்காரம் ஏதுமில்லாத ஒரு கட்டடம், பெயர் 'ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ்'. நாம் எட்டிப் பார்ப்பது எழுபதுகளின் நடுப்பகுதியில். மிக்ஸிங் மேஜைமேல் நாலு பேர் தோளோடு தோள் இடிக்கக் குனிந்து நிற்கிறார்கள். எட்டுக் கைகளில் ஒரு கை, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றுகிறது, பக்கத்துக் கை இறக்குகிறது. யாரும் வாத்தியத்தைத் தொடவில்லை, யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் பாடும் குரல் அலை அலையாகப் பொங்கி வருகிறது!

அந்த நாலு பேர்தான் 10சிசி இசைக்குழு. பாடல் 'ஐம் நாட் இன் லவ்'. கம்ப்யூட்டர் ஸ்டுடியோவுக்குள் நுழையாத காலத்தில் கத்தரிக்கோல் வேலையாகவும் கைவேலையாகவும் செய்யப்பட்ட மாயங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து இல்லை. இது எப்படி நடந்தது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. உங்களுக்கும் சிலிர்க்கட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடுவோம். கிரஹாம் கூல்ட்மன், ஆண்கள் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிய இளைஞர். கடையில் ஆள் வராத நேரத்தில் அவர் எழுதிய 'ஃபார் யுவர் லவ்' 1965-இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்குப் பெரிய ஹிட். அந்தப் பாடல் ரொம்ப 'பாப்' ஆகிவிட்டது என்று மனம் கசந்துதான் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அந்தக் குழுவை விட்டு வெளியேறினார்! அவர் இடத்துக்கு ஜெஃப் பெக் வந்தார். கூல்ட்மனின் அடுத்த பாடலான 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்'-இல் பெக் தன் எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே சித்தாரின் ரீங்காரத்தைக் கொண்டுவந்தார். இரண்டாமவர் எரிக் ஸ்டூவர்ட். 'மைண்ட்பெண்டர்ஸ்' குழுவில் பாடியவர். கிட்டார் அளவுக்கு ஒலிப்பதிவு இயந்திரங்களையும் காதலித்தவர். கெவின் காட்லியும் லோல் க்ரீமும் ஓவியக் கல்லூரியில் வரைகலை படித்த நண்பர்கள். ஆக, பாட்டு கட்டத் தெரிந்த இருவர், படம் போடத் தெரிந்த இருவர். நாலு பேருக்குமே பாட வரும், எழுத வரும், கையில் கிடைத்ததை வாசிக்கவும் வரும்.

இதற்கெல்லாம் மேலே அவர்களிடம் இருந்த சொத்து, அந்த ஸ்டுடியோ. ஸ்டூவர்ட் 1968-இல் நண்பர் பீட்டர் டாட்டர்சாலுடன் சேர்ந்து பணம் போட்டு, ஓர் இசைத்தட்டுக் கடைக்கு மேலே இருந்த குட்டி ஒலிப்பதிவு அறையைத் தங்களுடையதாக்கிக்கொண்டார். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' மேல் இருந்த ஆசையில் பெயர் வைத்தார். கூல்ட்மனும் பங்குதாரர் ஆனார். பிறகுதான் வாட்டர்லூ சாலைக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல ஸ்டுடியோ வேண்டும் என்றால் லண்டனுக்கு ரயில் ஏற வேண்டும். அங்கே மணிக் கணக்கில் வாடகை. இவர்களுக்கோ சாவி சட்டைப் பையில்! ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு யோசனை வந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கே செய்து பார்க்கலாம்.

சாவி கையில் இருந்ததன் முதல் பலன் 1970-இல் வந்தது. புதிதாக வாங்கிய நாலு டிராக் டேப் இயந்திரத்தில் டிரம் எப்படி ஒலிக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தாளத்தை அடுக்கடுக்காகப் பதிவு செய்துகொண்டே போக, கூடவே ஒரு சின்ன வரியை முணுமுணுக்க, அங்கே வந்த இசைத்தட்டு நிறுவன அதிகாரி ஒருவர் 'இதை எனக்குக் கொடுங்கள்' என்றார். 'ஹாட்லெக்ஸ்' என்ற பெயரில் வெளியான 'நியாண்டர்தால் மேன்' பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை ஏறியது. இயந்திரத்தைச் சோதிக்கப் போட்ட டேப், சர்வதேச ஹிட்!

அதற்கப்புறம் கொஞ்ச காலம் பிறருக்கு உழைப்பு. அமெரிக்கப் பாடகர் நீல் செடாகா தன் 'சாலிடேர்' ஆல்பத்துக்கு இவர்களைப் பின்னணி வாசிக்க வைத்தார். அவருக்குக் கிடைத்த வெற்றியைப் பார்த்துத்தான் 'இதை நமக்கே செய்துகொள்ளலாமே' என்று நால்வருக்கும் உறைத்தது. 1972-இல் 'டோனா' பாடலைக் கேட்டு அவர்களை ஒப்பந்தம் செய்தவர் ஜோனதன் கிங். குழுவின் பெயரும் அவர் கொடுத்ததுதான். லண்டனில் ஒரு அரங்க வாசலில் 'உலகிலேயே மிகச் சிறந்த குழு 10சிசி' என்று பலகை தொங்குவதாகக் கனவு கண்டாராம். 1974-இல் இவர்கள் போட்ட ஒரு பாடலின் தலைப்பு என்ன தெரியுமா? 'தி வொர்ஸ்ட் பேண்ட் இன் தி வேர்ல்ட்', உலகிலேயே மிக மோசமான குழு! இந்தத் தலைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதைத் தேடி வருவோம்.

சரி, பெரிய கதைக்கு வருவோம்.

ஸ்டூவர்ட்டின் மனைவி குளோரியாவுக்கு ஒரு மனக்குறை. 'நீ அடிக்கடி "உன்னைக் காதலிக்கிறேன்" என்று சொல்வதில்லையே.' தினமும் சொன்னால் அதன் மதிப்பே போய்விடும் என்பது ஸ்டூவர்ட்டின் கட்சி. அந்தச் செல்லச் சண்டையிலிருந்து பாட்டு பிறந்தது: காதலே இல்லை என்று ஒருவன் சாதிக்கச் சாதிக்க, அவன் எவ்வளவு ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிறான் என்பது கேட்பவருக்குத் தெரிந்துகொண்டே போகும். பாட்டில் சுவரில் மாட்டிய ஒரு புகைப்படம் வருகிறது, அதுவும் நிஜம். ஸ்டூவர்ட் தன் பெற்றோர் வீட்டு அறைச் சுவரில் இருந்த விரிசலை மறைக்க குளோரியாவின் படத்தைத்தான் மாட்டியிருந்தார்.

ஸ்டூவர்ட்டும் கூல்ட்மனும் சேர்ந்து எழுதிப் பதிவு செய்த முதல் வடிவம் என்ன தாளம், யூகியுங்கள். போஸா நோவா! பிரேசில் கடற்கரைக் காற்று வீசும் இதமான தாளம். காட்லிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, க்ரீமும் அவர் பக்கம். பாடலைக் கைவிட்டார்கள். கைவிட்டது மட்டுமா, டேப்பையே அழித்துவிட்டார்கள். அந்த முதல் வடிவம் இன்று யாரிடமும் கிடையாது.

பாட்டைக் காப்பாற்றியது ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள். அலுவலகத்தில் நடமாடும்போது அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். வாயை விட்டுப் போகாத மெட்டில் ஏதோ இருக்கிறது என்று ஸ்டூவர்ட் மறுபடி மல்லுக்கு நின்றார். அப்போது, அதைக் கொன்ற காட்லியே ஒரு யோசனை சொன்னார்: 'செய்வதானால் வாத்தியமே இல்லாமல் செய்வோம். முழுக்கக் குரல். குரல் ஆழிப்பேரலை மாதிரி வர வேண்டும்.'

அவ்வளவு பாடகர்களை எங்கே நிறுத்துவது? யார் சம்பளம் கொடுப்பது? இருந்தாலும் ஆறு நிமிடம் மூச்சு விடாமல் 'ஆஆஆ' என்று யார் பிடித்து நிற்பது? விடை சொன்னவர் க்ரீம். டேப் லூப்!

இங்கேதான் நாம் நிதானமாக நின்று பார்க்க வேண்டும். காட்லி, க்ரீம், கூல்ட்மன் மூவரும் மைக் முன்னால் நிற்கிறார்கள். ஸ்டூவர்ட் கட்டுப்பாட்டு அறையில். ஒரே ஒரு ஸ்வரம், ஒரே ஒரு 'ஆ'. மூவரும் ஒன்றாகப் பாடி நிறுத்துகிறார்கள். ஸ்டுடியோவில் அப்போது 16 டிராக் இயந்திரம் வந்திருந்தது. அதே ஸ்வரத்தை அடுத்த டிராக்கில் மறுபடி, அதற்கடுத்த டிராக்கில் மறுபடி, இப்படிப் பதினாறு முறை. மூன்று பேர், பதினாறு முறை: 48 குரல். எந்த இரண்டு குரலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒன்று ஒரு இழை ஏறியிருக்கும், ஒன்று ஒரு இழை இறங்கியிருக்கும். அந்த நுண்ணிய பிசகுகள் ஒன்றோடொன்று உரசுவதால்தான் தனித்தனி ஆட்கள் மறைந்து ஒரு பெரிய மென்மை எழுகிறது.

ஒரு ஸ்வரம் முடிந்ததா? அடுத்தது. வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை எதையும் விடாமல் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் பதின்மூன்று ஸ்வரங்கள். 48-ஐப் பதின்மூன்றால் பெருக்குங்கள். 624! பாடியதெல்லாம் அதே மூன்று தொண்டைகள்.

அடுத்து பிளேடு வேலை. ஒவ்வொரு ஸ்வரத்தின் 48 குரலையும் கலந்து ஒரு டேப்பில் எடுத்து, அதில் நீளமாக ஒரு துண்டு வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார்கள். ஒட்டிய இடம் இயந்திரத்தின் தலையைக் கடக்கும்போது சின்னதாக ஒரு 'டக்' வரும். வளையம் குட்டையாக இருந்தால் அந்த 'டக்' அடிக்கடி வந்து மானத்தை வாங்கும். அதனால் வளையத்தை ரொம்ப நீளமாக விட்டார்கள். அது டேப் இயந்திரத்துக்குள் அடங்காது அல்லவா? வெளியே இழுத்து, தூரத்தில் ஒரு மைக் ஸ்டாண்டை நிறுத்தி, அதில் பொருத்திய உருளைமேல் ஓடவிட்டார்கள், கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவதுபோல. அந்த ஸ்டாண்டை இப்படி அப்படி நகர்த்தி டேப்பின் இழுவிசையைச் சரிசெய்தார்கள். மெலோட்ரான் என்ற வாத்தியத்திலும் டேப்பில் பதிந்த குரல்கள் உண்டு, ஆனால் ஒரு கட்டையை அழுத்தினால் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். இங்கே முடிவே கிடையாது! ஒவ்வொரு வளையத்தையும் ஏழு நிமிடம் போல ஓடவிட்டு, 16 டிராக் டேப்பில் வளையத்துக்கொரு டிராக்காகப் பதிந்தார்கள்.

இப்போது பாருங்கள், அந்த மேஜையே ஒரு வாத்தியம். பதின்மூன்று ஃபேடர், ஒவ்வொன்றுக்கும் அடியில் 48 பேர் கொண்ட ஒரு கோரஸ் ஓயாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று ஃபேடரை ஏற்றினால் ஒரு கார்டு, அதாவது ஸ்வரக் கூட்டு. ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றினால் கார்டு மாறும். ஒருவரின் இரண்டு கை போதாது என்றுதான் நாலு பேரும் மேஜைமேல் விழுந்து கிடந்தார்கள். ஆளுக்குச் சில ஸ்வரங்கள் பங்கு. பாட்டு ஓட ஓட, முழுதாகக் கைகளாலேயே வாசித்து முடித்தார்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஃபேடர்களை அடிமட்டம்வரை இறக்க முடியாதபடி கீழே குறுக்காக ஒரு பட்டை டேப் ஒட்டிவிட்டார்கள். அதனால் எந்த ஸ்வரமும் ஒருபோதும் முழுதாக அணையவில்லை. பாடல் முழுக்க, பதின்மூன்று ஸ்வரமும் ஒன்றாக மெல்லிய மூட்டமாகப் பின்னால் நிற்கின்றன. கேட்கும்போது காரணம் தெரியாமல் ஒரு தவிப்பு வருமே, அதற்கு அந்த ஒட்டுப்பட்டையும் காரணம்.

மற்றதெல்லாம் அளவோடு. ஸ்டூவர்ட்டின் எலெக்ட்ரிக் பியானோ, கூல்ட்மனின் கிட்டார். இதயம் துடிப்பதுபோல் 'டும், டும்' என்று வருவது டிரம் என்றே நினைத்திருப்பீர்கள். அது மூக் சிந்தசைசரில் காட்லி உண்டாக்கிய ஒலி. கடைசிப் பகுதியில் குழந்தைகளின் பொம்மை மியூசிக் பாக்ஸ் ஒன்றும் கிணுகிணுக்கிறது.

நடுவில் வாத்தியப் பகுதிக்கு ஒரு ரகசியக் குரல் தேவைப்பட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், யார் சொல்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு லேசாகத் திறந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த கேத்தி ரெட்ஃபெர்ன், பதிவு நடக்கிறதே என்று குரலைத் தாழ்த்தி, எரிக்குக்கு ஒரு போன் வந்திருக்கிறது என்று கிசுகிசுத்தார். க்ரீம் துள்ளி எழுந்தார்: இதுதான் அந்தக் குரல்! கேத்திக்குத் திகைப்பு, 'நானா, முடியாது' என்று மறுத்தார். கெஞ்சிக் கூத்தாடி மைக் முன் நிறுத்தினார்கள். ஒரு சின்ன வாசகத்தைக் கிசுகிசுத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை நூற்றாண்டாக உலகத்தின் காதில் அந்தக் கிசுகிசுப்பு இருக்கிறது.

இவ்வளவுக்கும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. இதைக் கேட்ட ஃபோனோகிராம் நிறுவனம் உடனே பல ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 1975 மார்ச்சில் 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்' ஆல்பம் வந்தது, மே மாதம் பாடல் தனி இசைத்தட்டாக வந்தது. ஆறு நிமிடப் பாட்டா என்று வானொலிக்காரர்கள் தயங்கினார்கள். ஜூனில் பிரிட்டனில் முதலிடம், இரண்டு வாரம். அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாம் இடம். அந்த மூன்று வாரமும் வாரத்துக்கு ஒரு பாட்டு வந்து வழி மறித்தது: வான் மெக்காயின் 'தி ஹசில்', ஈகிள்ஸின் 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்', பீ ஜீஸின் 'ஜைவ் டாக்கின்'. வெவ்வேறு வாரம் வெவ்வேறு வாயிற்காவலர்! இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதே ஆல்பத்தைத் திறக்கும் 'யூன் நுயி அ பாரி'யையும் விட்டுவிடாதீர்கள். காட்லியும் க்ரீமும் எழுதிய, எட்டு நிமிடத்தைத் தாண்டும் குட்டி நாடகம். பல குரல், பல பாத்திரம், பல காட்சி. குவீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' வெளிவருவதற்கு ஏழு மாதம் முன்னால் வந்தது இது.

ஆனால் ஓவியக் கல்லூரி நண்பர்களுக்கு வேறொரு பித்துப் பிடித்திருந்தது, அதன் பெயர் கிஸ்மோ. எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகளுக்கு மேல் பொருத்தும் சின்னப் பெட்டி. உள்ளே மோட்டாரில் சுழலும் குட்டிச் சக்கரங்கள். கட்டையை அழுத்தினால் சக்கரம் தந்தியை உரசும், வயலின் வில் இழுத்ததுபோல் ஒலி நீண்டுகொண்டே போகும். ஒரு கிட்டாருக்குள் ஒரு ஆர்கெஸ்ட்ராவையே அடைக்கும் ஆசை! 1976-இல் காட்லியும் க்ரீமும் குழுவை விட்டு வெளியேறினார்கள். கிஸ்மோவின் திறமையைக் காட்ட ஒரே ஒரு பாடல் என்று தொடங்கியது மூன்று இசைத்தட்டு கொண்ட 'கான்சிக்வென்சஸ்' ஆல்பமாக வீங்கி 1977-இல் வெளிவந்தது. ஜாஸ் ராணி சாரா வான் பாடியிருக்கிறார், நகைச்சுவை மேதை பீட்டர் குக் பேசியிருக்கிறார். பங்க் இசையின் கொடி பறந்த ஆண்டு அது, ஆல்பம் விற்கவில்லை. கிஸ்மோவும் சந்தையில் எடுபடவில்லை. இருந்தும் லெட் செப்லினின் ஜிம்மி பேஜ் 1979 ஆல்பத்தில் அதைப் பயன்படுத்தினார். நாலு பேரும் இன்னும் சில ஆண்டு சேர்ந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மீதி இருவரும் சளைக்கவில்லை. 'தி திங்ஸ் வி டூ ஃபார் லவ்' வந்தது. 1978-இல் 'டிரெட்லாக் ஹாலிடே' முதலிடம் பிடித்தது. கிரிக்கெட்டைப் பேசும் பாடல் என்பதால் அது மைதானங்களிலும் சுற்றுகிறது.

இனி தாக்கம். பில்லி ஜோயலின் 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' பாடலில் பின்னால் மிதக்கும் 'ஆ'க்களைக் கேட்டிருக்கிறீர்களா? தயாரிப்பாளர் ஃபில் ரமோன் இந்த ஸ்டாக்போர்ட் லூப் வித்தையிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அது. காட்லியும் க்ரீமும் பிறகு இசைக் காணொளி இயக்குநர்களாகி, போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்', ஹெர்பி ஹேன்காக்கின் 'ராக்கிட்' எல்லாம் எடுத்தார்கள். 1985-இல் தங்கள் 'க்ரை' பாடலுக்கு ஒரு முகம் இன்னொரு முகமாகக் கரையும் காட்சிகளைச் செய்தார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் வைட்' அதை டிஜிட்டலில் காட்ட இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. 10சிசி சம்பாதித்த பணத்தில் வளர்ந்த அந்த ஸ்டுடியோவில்தான் 1979 ஏப்ரலில் ஜாய் டிவிஷன் குழு தங்கள் 'அன்னோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தைப் பதிந்தது. 'தி ஸ்மித்ஸ்' குழு தங்கள் முதல் பாடலான 'ஹேண்ட் இன் கிளவ்'வைப் பதிந்ததும் அங்கேதான். மான்செஸ்டர் வட்டாரத்துப் பிள்ளைகள் லண்டனுக்கு ஓடாமலே உலகத் தரத்தில் பதிவு செய்ய ஒரு அறை கிடைத்தது. என் கணக்கில், 10சிசியின் ஆகப் பெரிய கொடை இதுதான்.

அப்புறம் அந்த 'உலகிலேயே மோசமான குழு'? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஹிப் ஹாப் மேதை ஜே டில்லா, உடல் நலிந்த நிலையில் உருவாக்கிய 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7 அன்று வெளியானது. மூன்றாம் நாள் அவர் மறைந்தார். அதில் இரண்டாவதாக வரும் 'வொர்க்கினானிட்' தடதடத்து ஓடுவது, 1974-இன் 'தி வொர்ஸ்ட் பேண்ட் இன் தி வேர்ல்ட்' பாடலை வெட்டி ஒட்டிய துண்டுகள்மேல்! அதே ஆல்பத்தின் 'வேவ்ஸ்'-உம் இன்னொரு 10சிசி பாடலிலிருந்து பிறந்தது. லூப் போட்டு உலகை மயக்கியவர்களின் இசையையே லூப் போட்டு ஒருவர் புதிய உலகம் கட்டினார். 2014-இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தின் தொடக்கக் காட்சியில், மருத்துவமனை நடையில் வாக்மேனோடு உட்கார்ந்திருக்கும் சிறுவன் கேட்பது 'ஐம் நாட் இன் லவ்'. அப்படி இன்னொரு தலைமுறைக்கும் அந்த 624 குரல்கள் போய்ச் சேர்ந்தன.

ஸ்ட்ராபெரி 1993-இல் மூடப்பட்டது. வாட்டர்லூ சாலைக் கட்டடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்றுகூட இல்லை. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆறு நிமிட முழுப் பாடலைத் தேடிப் போடுங்கள், வெட்டிய வடிவம் வேண்டாம். முதல் முறை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் முறை ஸ்டூவர்ட்டின் குரலை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் எட்டுக் கைகள் ஏற்றி இறக்குவதை மட்டும் கேளுங்கள். பிடித்திருந்தால் 'ஷீட் மியூசிக்', 'தி ஒரிஜினல் சவுண்ட்டிராக்', 'ஹவ் டேர் யூ' மூன்றையும் அதே வரிசையில் கேட்டுவிடுங்கள்.